நோட்ஸ்ல பதில் இல்லாத கேள்வி

பத்தாம் வகுப்பு தமிழ்ப் புக்குல ஒரு கட்டுரைத் தலைப்பு இருக்கு. உங்க பகுதியில நடந்த அரசுப் பொருட்காட்சிக்குப் போயிட்டு வந்ததைக் கட்டுரையா எழுதணும். கேட்டா நல்லாத்தான் இருக்கும், சொந்த அனுபவம், பிள்ளைங்க மனசுல இருந்து எழுதுவாங்கன்னு தோணும். நான் தமிழ் வாத்தியாரா வேலை பார்க்குறது சிவகாசிப் பக்கம். எங்க பசங்கள்ல பொருட்காட்சியைக் கண்ணால பார்த்தவங்க ரொம்பக் கம்மி, சித்திரைத் திருவிழா சமயத்துல மதுரைக்குப் போனவங்க ஒண்ணு ரெண்டு பேர் இருக்கலாம். ஆனா பேப்பர் திருத்த உட்கார்ந்தீங்கன்னா மொத்த வகுப்பும் போயிட்டு வந்திருக்கும். எல்லாரும் குடும்பத்தோட போயிருப்பாங்க, எல்லாரும் அதே நுழைவாயில் வழியா நுழைஞ்சு அதே பல்துறை அரங்குகளைப் பார்த்து அதே டெல்லி அப்பளத்தைத் தின்னுட்டு "மகிழ்ச்சியுடன் இல்லம் திரும்பினோம்"னு முடிச்சிருப்பாங்க. அப்பாவே இல்லாத பையன்கூட அப்பாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு ராட்டினம் பார்த்திருப்பான். நோட்ஸ்ல அப்பா இருக்காரு, அதனால கட்டுரையிலயும் இருக்காரு.

இதுக்குப் பிள்ளைங்களைக் குறை சொல்ல மாட்டேன். அவங்க ரொம்பப் புத்திசாலித்தனமாத்தான் நடந்துக்குறாங்க. 100 மார்க் பேப்பர்ல கட்டுரைக்கு 8 மார்க், குறிப்புகளைக் கேள்வியிலயே குடுத்துடுவாங்க, முன்னுரை, முடிவுரை, நடுவுல நாலு உட்தலைப்பு, ரெண்டு மேற்கோள், கொஞ்சம் அடிக்கோடு, பக்கம் நிறைஞ்சா 7 மார்க் நிச்சயம். இதுல சொந்தமா யோசிச்சு எழுதுற பையன் தனக்குத்தானே குழி வெட்டிக்கிறான். யோசிக்க நேரம் போகும், ஒற்றுப்பிழை கூடும், உட்தலைப்பு மாறும். மனப்பாடம் பண்ணவன் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவான்.

புதுப் புத்தகங்களைத் திட்டுறதுக்காக இதை எழுதல. 2018-19-ல 9-ம் வகுப்புக்கும் +1-க்கும், அடுத்த வருஷம் 10-க்கும் +2-க்கும் வந்த புக்குங்க பழசைவிட எவ்வளவோ மேல். படத்தைக் குடுத்து காட்சியைக் கண்டு கவினுற எழுதுகன்னு கேக்குறாங்க, படிவம் நிரப்பச் சொல்றாங்க, நிற்க அதற்குத் தகன்னு வாழ்க்கையோட ஒட்டுன பகுதியெல்லாம் இருக்கு. பிரச்சினை என்னன்னா எந்தக் கேள்வியையும் ரெண்டு மாசத்துல நோட்ஸ்காரங்க செரிச்சுடுறாங்க. படம் பார்த்துக் கவிதை எழுதுற கேள்விக்கு "எந்தப் படம் வந்தாலும் இதை எழுது"ன்னு ஒரு பொதுக் கவிதை சுத்துது தெரியுமா உங்களுக்கு? மரம் வந்தாலும் அது, ஆட்டோ வந்தாலும் அது. உள்ளபடி சொன்னா அந்தக் கவிதையை எழுதுனவரு ஒரு மேதை.

அதனால ஒரு எழுத்துப் பயிற்சியை வைக்கிறதுக்கு முன்னாடி நான் என்னையே கேட்டுக்குற முதல் கேள்வி இதுதான்: இதுக்கான பதில் ஏற்கனவே எங்கயாச்சும் எழுதி இருக்கா? இருந்துச்சுன்னா அது பயிற்சி இல்ல, காப்பி வேலை. ரெண்டாவது கேள்வி, நான் தவிர வேற யாராவது இதைப் படிப்பாங்களா, அந்த ஆளுக்கு இதைப் படிக்க வேண்டிய தேவை இருக்கா. ரெண்டுக்கும் சரியான பதில் வந்துச்சுன்னா மத்த சங்கதியெல்லாம் ஓரளவு தானா வந்துடும்.

ஒரு உதாரணம் சொல்றேன், இது எங்க ஊருக்கே உரிய கூத்து. சுற்றுச்சூழல்னு எந்தத் தலைப்பு குடுத்தாலும் எங்க பிள்ளைங்க "பட்டாசு வெடிப்பதைத் தவிர்ப்போம், மாசற்ற தீபாவளியைக் கொண்டாடுவோம்"னு ஒரு பத்தி எழுதிடும். எழுதுற பாப்பாவோட அம்மா பட்டாசு ஆலையில வேலை, அப்பா பட்டாசு லோடு ஏத்துறவரு, பேனா வாங்குன காசுகூட பட்டாசுல வந்தது. அந்தப் பாப்பா ஒரு சின்ன உறுத்தலும் இல்லாம அந்த வரியை எழுதுது, நானும் டிக் அடிக்கிறேன், பக்கத்துல கருத்து நன்றுன்னு வேற எழுதுவாங்க சில பேர். பொய் எழுதுறோம்ங்கிற நினைப்பே அதுக்குக் கிடையாது, ஏன்னா கட்டுரைன்னாலே வேற யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்றதுன்னுதான் ஒண்ணாவதுலேர்ந்து பழக்கி வச்சிருக்கோம்.

இத்தனைக்கும் அந்த விஷயம் எங்க ஊர்ல ஒவ்வொரு வீட்டுச் சோத்துலயும் கிடக்குற விஷயம். 2018 அக்டோபர் 23-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு, பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம்தான் வெடிக்கணும். தமிழ்நாட்டுல காலையில 6-லேர்ந்து 7, சாயங்காலம் 7-லேர்ந்து 8-ன்னு பிரிச்சாங்க. பச்சைக் கலரைக் குடுக்குறதே பேரியம்தான், சரவெடி இல்லாம இங்க பல குடும்பத்துக்கு வேலையே இல்ல. அதுக்கப்புறம் பல மாசம் ஆலைங்க பூட்டிக் கிடந்துச்சு. அன்னைக்கு ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ் படிச்ச பிள்ளைங்கதான் இப்ப என் வகுப்புல உட்கார்ந்துக்கிட்டு மாசற்ற தீபாவளின்னு எழுதுதுங்க.

அதனால அந்தத் தலைப்பையே திருப்பிப் போட்டேன். நான் குடுத்த தாள்ல இப்படி இருந்துச்சு. டெல்லியில உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கா, அவ தம்பிக்கு ஆஸ்துமா, குளிர்காலம் வந்தா அவங்க ஊர்ல மூச்சு விடவே முடியல, பட்டாசையே மொத்தமா நிறுத்தணும்னு அவ சொல்றா. அவளுக்கு ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுது. முதல் பத்தியில அவ சொல்றதை நீ சொல்லணும், அவ படிச்சா "ஆமா, நான் சொன்னது இதான்"னு ஒத்துக்கணும், கேலி இருக்கக்கூடாது. ரெண்டாவது பத்தியில உனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளோட ஒரு நாள் வேலை, காலையில எந்திரிக்கிறதுலேர்ந்து. கடைசியில நீ அவகிட்ட என்ன கேக்குற. தியாகம், வாழ்வாதாரம், சீர்கேடு இந்த மூணு வார்த்தையும் எங்கயும் வரக்கூடாது.

வார்த்தைக்குத் தடை போட்டதுதான் பெரிய கலவரத்தைக் கிளப்புச்சு. "ஐயா, வாழ்வாதாரம் இல்லாம எப்படிய்யா எழுதுறது?"ன்னு ஒருத்தன் உண்மையிலேயே பரிதாபமாக் கேட்டான். அதைத்தான்டா கேக்குறேன், வாழ்வாதாரம்னா உங்க வீட்டுல என்னன்னு எழுதுன்னேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு "சனிக்கிழமை சம்பளம்"னு எழுதுனான். அந்த ஒரு வரியில இருந்து அவன் கட்டுரை ஓட ஆரம்பிச்சுச்சு, சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவுல என்ன வாங்குவாங்க, மழை பெஞ்சா அந்த வாரம் எத்தனை நாள் வேலை, எந்தக் கடைக்காரர்கிட்ட பாக்கி, எல்லாம் வந்துச்சு.

இன்னொருத்தன் நான் எதிர்பார்க்காத பக்கம் போனான். அவன் அந்த டெல்லிப் பொண்ணு கட்சி. அம்மா பட்டாசு ஆலையிலதான் வேலை, ஆனா அம்மா அங்க போறதே அவனுக்குப் பிடிக்கல, ஒவ்வொரு தடவை ஆம்புலன்ஸ் சத்தம் கேக்கும்போதும் கிளாஸ்ல உட்கார முடியலன்னு எழுதியிருந்தான். கடைசிப் பத்தி இது, அவன் அனுமதியோட இங்க போடுறேன்: "நீங்க தடை பண்ணச் சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி எங்க அம்மாவுக்கு வேற ஒரு வேலையைக் கொண்டு வரச் சொல்லுங்க. வேலை முதல்ல வரணும், தடை அப்புறம் வரணும். மாத்தி வந்தா நாங்க என்ன பண்றது." ஸ்டாஃப் ரூம்ல இதைப் படிச்சுக் காட்டுனப்ப ஒரு சார் இதெல்லாம் அரசியல், பிள்ளைங்களுக்கு எதுக்குன்னாரு. எனக்கு அதுல அரசியலைவிட வாக்கிய ஒழுங்குதான் கண்ணுல பட்டுச்சு, நாலே குட்டி வாக்கியம், ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது. இதே பையன் பொருட்காட்சிக் கட்டுரையில "எண்ணிலடங்கா மகிழ்ச்சி அடைந்தோம்"னு எழுதுனவன்தான்.

தலைப்பை இறுக்கினா பிள்ளைங்க கற்பனை செத்துடும்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு. "உனக்குப் பிடிச்சதை எழுது"ன்னு விட்டா மழை மாதிரி கொட்டும்னு நினைக்கிறாங்க. விட்டுப் பாருங்க, பாதிப் பேர் "நான் விரும்பும் தலைவர்"னு ஆரம்பிப்பாங்க, மீதிப் பேர் சன்னலைப் பார்ப்பாங்க. 2007-ல அமெரிக்காவுல கார்னகி கார்ப்பரேஷனுக்காக ஸ்டீவ் கிரகாம், டோலோரஸ் பெரின்னு ரெண்டு பேர் ஒரு அறிக்கை போட்டாங்க, 4-ம் வகுப்புலேர்ந்து 12-ம் வகுப்பு வரைக்கும் எழுத்துப் பயிற்சி பத்தி அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து வச்சு எது எவ்வளவு பலன் குடுத்துச்சுன்னு அளந்தது. அந்த அளவுகோல்ல 0-ன்னா பலனே இல்ல, 0.8-ன்னா பெரிய பலன். இந்த எழுத்துல இன்னது இருக்கணும்னு குறிப்பா இலக்கு வச்சுக் குடுக்குறதுக்கு 0.70, பிள்ளைங்க சேர்ந்து திட்டம் போட்டு ஒருத்தருக்கொருத்தர் திருத்திக்கிறதுக்கு 0.75, சுருக்கி எழுதுற பயிற்சிக்கு 0.82, எல்லாமே கணிசமான பலன். இலக்கணத்தைத் தனியாப் பிரிச்சு நடத்துறதுக்கு மட்டும் மைனஸ்ல வந்துச்சு. அது இங்கிலீஷ்காரங்க கதை, தமிழ் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன், தொல்காப்பியத்துக்குப் பொறந்தவங்க கோவிச்சுக்குவாங்க. ஆனா முதல் விஷயத்தை என் கண்ணாலயே பார்த்துட்டேன். "முதல் பத்தியில எதிராளி பேச்சு, மூணு வார்த்தை கிடையாது"ன்னு சொன்னா பிள்ளைக்கு எங்க கால் வைக்கணும்னு தெரியுது.

இடத்தைச் சுருக்குறதும் நல்லா வேலை செய்யும். போஸ்ட் கார்டு இன்னும் 50 காசுதான், போஸ்ட் ஆபீஸ்ல கட்டா வாங்கிட்டு வந்து ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம். வெளியூர்ல இருக்குற சித்தி, மாமா, படிச்சுட்டுப் போன அண்ணன், யாராவது ஒருத்தருக்கு, அவங்களுக்குத் தெரியாத ஒரே ஒரு ஊர்ச் சேதி. நலம் நலமறிய ஆவல்னு ஆரம்பிச்சா பாதிக் கார்டு போயிடும், அது தானாப் புரிஞ்சு அடிச்சுட்டு வேற ஆரம்பம் தேடுவாங்க. முதல்ல நோட்டுல எழுதி, பிறகு கார்டுல. எடிட்டிங்னா என்னன்னு நான் ஒரு வார்த்தை நடத்தவே வேண்டியதில்ல. ஒரு பாப்பா எழுதுன கார்டு "மாமா, நம்ம தெருவுல இருந்த வேப்பமரத்தை ரோடு போட வெட்டிட்டாங்க, இப்ப உங்க வீடு மெயின் ரோட்டுலேர்ந்தே தெரியுது"ன்னு ஆரம்பிக்குது. அதுல துக்கமும் இருக்கு, ஒரு பெருமையும் இருக்கு, எனக்கே பொறாமையா இருந்துச்சு. முக்கியமா, மாமா போன் பண்ணாரு. எழுதுனதுக்குப் பதில் வந்த பிள்ளை அடுத்த தடவை பேனா எடுக்கும்போது உட்காருற தோரணையே வேற.

முறையீட்டுக் கடிதமும் அப்படித்தான். புக்குல இருக்குறது ஹோட்டல்ல தரமில்லாத சாப்பாடு குடுத்தாங்கன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதுறது. தமிழ்நாடு பூரா எத்தனையோ லட்சம் பிள்ளைங்க சாப்பிடாத சாப்பாட்டுக்கு முறையீடு பண்ணிட்டாங்க. அதே வடிவத்தை வச்சுக்கிட்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அப்படியே, ஸ்கூல் வாசல்ல தேங்குற தண்ணி பத்தி எழுதச் சொன்னேன். எத்தனை நாளா தேங்குது, எங்கேருந்து எங்க வரைக்கும், சைக்கிள்ல வர்றவங்க எந்தப் பக்கம் சுத்திப் போறாங்கன்னு போய் அளந்துட்டு வரணும். வகுப்புல நல்லா இருந்த ஒரு கடிதத்தை எச்.எம். கையெழுத்தோட ஒரு ஆபீஸுக்கு நிஜமாவே அனுப்புனோம். ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு வரி பதில் வந்துச்சு, மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறதுன்னு. தண்ணி இன்னும் தேங்குது. ஆனா அந்த ரெண்டு வரியை போர்டுல எழுதிப் போட்டு இதுல யாரு என்ன பண்றாங்க, எப்ப பண்ணுவாங்கன்னு கண்டுபிடிங்கடான்னு ஒரு பீரியட் முழுக்க ஓட்டினோம், செயப்பாட்டு வினைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கல.

இப்ப ஒரு எச்சரிக்கை. சொந்த அனுபவம் எழுதச் சொல்லுங்கன்னு சொன்ன உடனே நம்ம ஆசிரியர்கள் "என் அம்மா", "என் குடும்பம்"னு தலைப்பு குடுத்துடுவாங்க. எங்க பக்கம் அது ரொம்ப ஆபத்தான தலைப்பு. ஆலை விபத்துல அம்மாவை இழந்த பிள்ளை எந்த வகுப்புலயும் இருக்கலாம், அப்பா குடிச்சுட்டு வந்து அடிக்கிறதை ஊருக்குச் சொல்ல விரும்பாத பிள்ளை நிச்சயமா இருக்கும். அதுங்களுக்கு ரெண்டே வழி, பொய் எழுதணும் இல்லன்னா எல்லார் முன்னாடியும் அழணும். ரெண்டையும் 8 மார்க்குக்காகப் பண்ண வைக்க நாம யாரு? நான் ஆளைப் பத்திக் கேக்குறதே இல்ல, வேலையைப் பத்திக் கேப்பேன், இடத்தைப் பத்தி, ஒரு சாமான் எப்படிச் செய்யுறாங்கங்கிறதைப் பத்தி. வீடு உள்ள வரணும்னு பிள்ளை நினைச்சா அந்த வழியா வரட்டும், வராட்டி கட்டுரை ஒண்ணும் குறைஞ்சு போகாது.

அப்படி வச்சதுதான் காலண்டர் கட்டுரை. எங்க ஊர்ல ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க, அதுலேர்ந்து பிரஸ் எல்லாம் சூடு பிடிக்கும். வகுப்புல பாதிப் பிள்ளைங்க வீட்டுல யாராவது ஒருத்தர் பிரஸ்லயோ பைண்டிங்லயோ இருப்பாங்க. கேள்வி இதுதான்: கிழிக்கிற காலண்டரை வாங்கி மாட்ட மட்டும் தெரிஞ்ச ஒருத்தருக்கு, அது எப்படி உருவாகுதுன்னு சொல்லு, வேலை செய்யுற ஒரு ஆளையாவது கேட்டுட்டு வரணும், அவங்க சொன்ன ஒரு வாக்கியத்தை அவங்க பேச்சுலயே போடணும்.

ஒரு பையன் முதல்ல கொண்டு வந்தது: "நாட்காட்டி மனித வாழ்வில் இன்றியமையாதது. காலம் பொன் போன்றது. சிவகாசி குட்டி ஜப்பான் என அழைக்கப்படுகிறது." நான் எதையும் அடிக்கல. ஓரத்துல ஒரே ஒரு கேள்வி எழுதினேன், "உங்க சித்தப்பா கை எந்த இடத்துல வலிக்கும்?" ரெண்டு நாள் கழிச்சு வந்தது வேற. காலண்டரோட மேல் விளிம்புல தகரம் அடிக்கிற மெஷின்லதான் சித்தப்பா நிக்கிறாரு, காலால மிதிக்கணும், மிதிச்சு மிதிச்சு வலது முழங்கால்தான் போச்சாம், கை இல்ல. "என் கேள்வியே தப்பு என்று சித்தப்பா சொன்னார்"னு கட்டுரையிலயே எழுதியிருந்தான், அதை ரொம்ப ரசிச்சேன். பிறகு தேதித் தாள் அடுக்குறது பத்தி ஒரு பத்தி. ஒரு தாள் மாறிட்டா அந்தக் காலண்டர் வாங்குன வீட்டுல ஒரு நாள் ராகு காலம் தப்பாப் போயிடும், அதுல ஒரு கல்யாணம் பேச்சு நின்னு போனாலும் போகலாம், அதனால "தூங்கிக்கிட்டே அடுக்கினாலும் பதினேழுக்கு அப்புறம் பதினெட்டுதான் வரணும்டா"ன்னு சித்தப்பா சொன்னாராம். அந்த வரியை எந்த நோட்ஸ்காரராலயும் எழுத முடியாது.

இந்த இடத்துல ஒரு கேள்வி வரும், பேச்சுத் தமிழ்ல எழுத விடலாமான்னு. என் வழக்கம் இது. முதல் எழுத்து எப்படி வேணா வரட்டும், வாயில வர்ற மாதிரியே. ரெண்டாவது தடவை எழுதும்போது எழுத்துத் தமிழுக்கு மாத்தணும், ஆனா அடுத்தவங்க பேசுனது மேற்கோள் குறிக்குள்ள அப்படியே இருக்கும். முதல்லயே "தூய தமிழில் எழுதுக"ன்னு சொன்னீங்கன்னா பிள்ளை யோசிக்கிறதையே நிறுத்திடுது, வாக்கியத்துக்கு வாக்கியம் பயந்து பயந்து தெரிஞ்ச சொற்றொடருக்குள்ள ஒளிஞ்சுக்குது. இன்றியமையாதது, எண்ணிலடங்கா, சாலச் சிறந்தது எல்லாம் அந்தப் பயத்துல வர்ற வார்த்தைங்கதான். மாத்தி எழுதுற வேலையிலதான் சந்தி, ஒருமை பன்மை, திணை எல்லாத்தையும் நான் சொல்லிக் குடுப்பேன், ஏன்னா அப்பத்தான் அது அவங்களுக்குத் தேவைப்படுது.

எழுத வைக்கிறதைவிடப் பெரிய பாடு திருத்துறது, இதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. ஒரு செக்‌ஷனுக்கு நாப்பது அம்பது பேர், மூணு நாலு செக்‌ஷன், வாரத்துக்கு ஒரு கட்டுரைன்னா நம்ம கதி என்ன? இந்தப் பயத்துலயேதான் பாதி ஆசிரியர்கள் எழுத்துப் பயிற்சியே வைக்கிறதில்ல, வச்சாலும் பக்கத்துக்கு ஒரு டிக். அதனால பயிற்சியை யோசிக்கும்போதே திருத்துறதையும் சேர்த்து யோசிக்கணும். நான் ஒரு பயிற்சிக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன், அதை முன்னாடியே சொல்லிடுவேன். டெல்லிக் கடிதத்துல நான் பார்த்தது முதல் பத்தியில எதிர்க்கட்சிக்கு நியாயம் பண்ணியிருக்கானாங்கிறது மட்டும்தான், ழகரத்தைப் பார்க்கவே இல்ல. எழுத்துப்பிழைக்கு ஒரு நல்ல தந்திரம் இருக்கு, ரிச்சர்ட் ஹாஸ்வெல்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1983-ல எழுதுனது. பிழையைத் திருத்தாதே, வட்டம் போடாதே, எந்த வரியில பிழை இருக்கோ அந்த வரி ஓரத்துல ஒரு குறி மட்டும் போடு, மிச்சத்தை எழுதுனவன் தேடட்டும். அவர்கிட்ட படிச்ச காலேஜ் முதல் வருஷப் பிள்ளைங்க பிழைகள்ல 60 சதவீதத்துக்கு மேல தாங்களே கண்டுபிடிச்சுத் திருத்திட்டாங்களாம். நம்ம பிள்ளைங்களும் தேடுறாங்க, "ஐயா இந்த வரியில ஒண்ணும் இல்லய்யா"ன்னு சண்டைக்கு வருவாங்க, பக்கத்துல இருக்குறவன் எட்டிப் பார்த்து "லேய், கருப்புக்கு எந்த ருடா"ம்பான், பிறகு கருப்பா கறுப்பான்னு கிளாஸே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போடும். ரெண்டும் வழக்குல இருக்குன்னு சொன்னா இரு தரப்புக்கும் ஏமாற்றம்.

ஒருத்தர் கட்டுரையை ஒருத்தர் படிக்கும்போது மார்க் போட விடக்கூடாது, போட்டா நட்புக்கு நட்பு 10, பகைக்குப் பகை 3. ரெண்டே கேள்வி குடுப்பேன், எந்த வரி உன் கண்ணு முன்னாடி தெரிஞ்சுச்சு, எந்த இடத்துல உனக்கு இன்னும் தெரியணும்னு இருக்கு. அவ்வளவுதான்.

இப்ப எல்லாரும் கேக்குறது, சாட்ஜிபிடி வந்தாச்சே இனிமே என்ன பண்ணுவீங்கன்னு. கொரோனா சமயத்துல ஆன்லைன் கிளாஸுக்காக வாங்குன போன் வீட்டுக்கு வீடு இருக்கு, பசங்க கேட்டா அது முன்னுரை முடிவுரையோட அழகா எழுதிக் குடுத்துடுது. எனக்கு இதுல பெரிய அதிர்ச்சி ஒண்ணும் இல்ல, நோட்ஸ் பண்ண வேலையைத்தான் அது இன்னும் வேகமாப் பண்ணுது, "இன்றைய நவீன உலகில்"னு ஆரம்பிக்கிறதுகூட மாறல. சித்தப்பாவோட முழங்கால் அதுக்குத் தெரியாது, ஆனா தெரிஞ்ச மாதிரி ஒரு முழங்காலை உருவாக்கிக் குடுக்கும், அதனால முழுசா நிம்மதியா இருந்துட முடியாது. நான் பண்றது, கேட்டுக் குறிச்ச தாள் கசங்கி இருந்தாலும் பரவால்ல அதையும் சேர்த்துக் குடுக்கணும், முதல் எழுத்து வகுப்புலயே கையால. வீட்டுக்குக் குடுத்தனுப்புறது கேக்குற வேலையும் பார்க்குற வேலையும் மட்டும்தான். ஒரு பீரியட் 40 நிமிஷம், அதுல அட்டெண்டன்ஸ் போக 30, ஒரு பத்தி தாராளமா எழுதலாம், மறுநாள் அடுத்த பத்தி.

எழுதவே வராத பிள்ளைங்க விஷயத்தையும் சொல்லணும், ஒன்பதாம் வகுப்புல உட்கார்ந்திருக்கும், ஒரு வாக்கியம் முழுசா வராது, மெல்லக் கற்போர்னு பேரு வச்சு ஒரு கையேட்டைக் குடுத்து அதுங்களை ஓரமா உட்கார வச்சிருப்போம். அதுங்க பேசுறதைக் கேட்டிருக்கீங்களா? கபடி மேட்ச் கதை சொன்னா வாய் பிளந்து கேக்கலாம். அதனால அது சொல்லும், பக்கத்துல இருக்குறவன் எழுதுவான், ஒரு வார்த்தை மாத்தக்கூடாது. பிறகு தன் வாயில வந்த வார்த்தையையே அது பார்த்து எழுதும். தன்னோட வாக்கியங்கிறதால அடுத்து என்ன வார்த்தை வரும்னு அதுக்குத் தெரியும், வாசிக்கவும் அதுலயே வந்துடுது. எல்லாருக்கும் இது பலிக்குதுன்னு சொல்ல மாட்டேன், சில பிள்ளைங்களுக்கு இதுவும் போதாது, தனியா உட்கார நேரம் வேணும், அந்த நேரம் யார்கிட்டயும் இல்ல.

பரிட்சையை என்ன பண்ணுவீங்கன்னு கேப்பீங்க. எச்.எம். கேப்பாங்க, பெத்தவங்க கேப்பாங்க, ரிசல்ட் வர்ற மே மாசம் எல்லாரும் கேப்பாங்க. நான் முன்னுரை முடிவுரைக்கு எதிரி கிடையாது. அதையும் ஒரு படிவம் நிரப்புற மாதிரி தனியாச் சொல்லிக் குடுத்துடலாம், பாங்க் சலான் நிரப்பத் தெரியணும்ல, அதே மாதிரி. ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் என் காலம், காலாண்டு நடுவுல வந்தாலும் சமாளிச்சுடலாம். அரையாண்டு வந்து, ஜனவரியில திருப்புதல் தேர்வு ஆரம்பிச்சா பிறகு வேற எதுவும் ஓடாது, ஓட்டவும் கூடாது, பிள்ளைங்க பதட்டத்துல இருக்கும்போது போஸ்ட் கார்டை நீட்டுறது பாவம். +1, +2 எடுக்குறவங்களுக்கு ஒரு சின்ன வாசல் இருக்கு, அகமதிப்பீட்டு 10 மார்க்குல ஒப்படைப்பு, செயல்திட்டத்துக்குன்னு 2 மார்க் ஒதுக்கியிருக்காங்க. வழக்கமா அது சார்ட்டுல தலைவர் படம் ஒட்டுறதோட முடிஞ்சு போகுது, எல்லாருக்கும் ரெண்டுக்கு ரெண்டு. அந்த 2 மார்க்கை உருப்படியாப் பயன்படுத்தினா யாரும் தடுக்கப் போறதில்ல, ஏன்னா யாரும் அதைப் பார்க்குறதே இல்ல.

இந்த ஆடிப்பெருக்குக்கு அப்புறம் ஒன்பதாம் வகுப்புக்கு வைக்கலாம்னு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், யாராவது தங்க வகுப்புல வச்சுப் பார்க்க விரும்பினா எடுத்துக்குங்க, தொழிலை மட்டும் உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. "தீப்பெட்டி, பட்டாசு, பிரஸ், கடை, விவசாயம், எதுல வேணா இருக்கட்டும், ஒரு வேலையை அஞ்சு வருஷத்துக்கு மேல செஞ்ச ஒருத்தரைப் போய்ப் பாரு. இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க முதல் வாரத்துல பண்ற தப்பு என்னன்னு கேளு. நாளைக்கு அந்த வேலைக்குச் சேரப்போற ஒருத்தருக்கு, அந்தத் தப்பைப் பண்ணாம இருக்க, ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக் குடு. சொன்னவர் படிச்சுப் பார்த்து சரின்னு கையெழுத்துப் போடணும்; படிக்கத் தெரியாதவரா இருந்தா நீ படிச்சுக் காட்டணும், அவர் மாத்தச் சொன்னதை மாத்திட்டு, என்ன மாத்தச் சொன்னார்னு கீழ ஒரு வரி எழுதணும். நான் பார்க்கப்போறது அந்தக் கீழ் வரியைத்தான்."